ஸேலத்தில் ஒரு கையெழுத்து: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் 'தி க்ரூசிபிள்' படத்தைப் பற்றி நான் எழுதிய சின்னக் குறிப்புக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குறிப்பைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸேலம் என்ற ஊரில் சூனிய வழக்குகள் நடந்தன. அவற்றை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய நாடகம் 1953-இல் நியூயார்க்கில் மேடையேறியது. அதை 1996-இல் நிக்கலஸ் ஹைட்னர் படமாக்கினார். ஊராரைச் சூனியக்காரிகள் என்று கைகாட்டும் சிறுமிகள், அதை நம்பும் நீதிமன்றம், நடுவில் மாட்டிக்கொள்ளும் ஜான் ப்ராக்டர் என்ற விவசாயி, அவன் மனைவி எலிசபெத். கதை இவர்களைச் சுற்றித்தான்.

இந்த நாடகத்தின் தமிழ் வடிவம் ஒன்றுக்கு நான் மேடை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. இந்த இதழ் முழுக்க அதற்கே.

இந்த நாடகம் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டால் போதுமா, புத்தகத்தையும் படிக்க வேண்டுமா? (இளங்கலை மாணவி ஒருவர்)

கட்டாயம் படியுங்கள். படத்தின் முதல் காட்சியே நாடகத்தில் இல்லை.

நாடகத்தில் திரை விலகும்போது ஒரு படுக்கையறை. பெட்டி என்ற சிறுமி அசையாமல் கிடக்கிறாள். அவள் அப்பா, போதகர் பாரிஸ், பக்கத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்கிறார். முந்தின இரவு காட்டில் என்ன நடந்தது என்பதை நாம் பார்ப்பதே இல்லை. வெறும் நடனம்தான் என்கிறாள் அபிகேல். அவள் போதகரின் உறவுப்பெண், முன்பு ப்ராக்டர் வீட்டில் வேலை செய்தபோது அவனோடு தொடர்பு வைத்திருந்தவள். புல்லின் மேல் ஓர் உடை கிடந்ததைப் பார்த்தேன், மரங்களுக்கு நடுவே யாரோ அம்மணமாக ஓடியதைப் பார்த்தேன் என்கிறார் போதகர். பெட்டி திடீரென்று எழுந்து, அபிகேல் ரத்தம் குடித்தாள், ப்ராக்டரின் மனைவி சாகவேண்டும் என்றுதான் குடித்தாள் என்று கத்துகிறாள். ஆளாளுக்கு ஒரு துண்டைச் சொல்கிறார்கள், அதையும் தனக்கு வேண்டிய மாதிரி சொல்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் எப்படி இருட்டில் துழாவினார்களோ, அப்படியே நாமும் துழாவுகிறோம்.

படம் அந்தக் காட்டையே நேராகக் காட்டிவிடுகிறது. சிறுமிகள் வீட்டிலிருந்து நழுவி ஓடுகிறார்கள். நெருப்பைச் சுற்றி, போதகர் வீட்டு அடிமைப்பெண் டிட்டுபாவோடு கூடுகிறார்கள். ஆளுக்கொரு பையனின் பெயரைச் சொல்லி ஆசைப்படுகிறார்கள். அபிகேல் கோழியின் ரத்தத்தைக் குடிக்கிறாள். பிறகு சூனியத்தை ஆராய ஹேல் என்ற போதகர் கட்டுக்கட்டாகப் புத்தகங்களோடு வந்து இறங்கும்போது, அவரைவிட நமக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. அவருடைய குழப்பம் நமக்கு வராமலே போய்விடுகிறது. எனக்கு இது பெரிய இழப்பு.

ஆனால் வேறு யாரோ கைவைத்துக் கெடுத்தது என்று சொல்ல முடியாது. திரைக்கதையை மில்லரே எழுதினார், அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நடனமே பாவம் என்றிருந்த ஊரில் அந்தப் பிள்ளைகள் சிரிப்பதையும் ஓடுவதையும் நாம் பார்க்கட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவர்களை வெறும் பொய்க்காரிகள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை என்பதும் உண்மைதான்.

இன்னொரு வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் அபிகேல் ஹேலின் மனைவி மேலேயே பழி போடுகிறாள். அதுவரை அவள் சொன்னதையெல்லாம் நம்பிய நீதிபதிகள், போதகரின் மனைவி என்றதும், நீ தவறாகச் சொல்கிறாய் என்கிறார்கள். நாடகத்தில் இது கிடையாது. ஆனால் வரலாற்றில் உண்டு. ஹேலின் மனைவி மேல் நிஜமாகவே குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மனம் மாறினார்.

ப்ராக்டருக்கும் அபிகேலுக்கும் இருந்த உறவு உண்மைச் சம்பவமா? படத்தில் வருவதெல்லாம் நடந்ததா? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

ஐயா, அந்த உறவு மில்லரின் கற்பனை. 1692-இல் அபிகேல் வில்லியம்ஸுக்கு 11 அல்லது 12 வயது. ஜான் ப்ராக்டருக்கு அறுபது வயது, அவர் ஒரு விடுதியும் நடத்திவந்தார். மில்லர் பெண்ணின் வயதை 17 ஆக ஏற்றி, ப்ராக்டரை முப்பதுகளுக்கு இறக்கினார். அபிகேலின் வயதை ஏற்றியதை நாடகப் பிரதியின் முன்குறிப்பில் அவரே சொல்லியும் இருக்கிறார்.

மற்றபடி, நடந்தது நாடகத்தைவிடக் கொடுமை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். சிறையிலேயே குறைந்தது 5 பேர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150-க்கும் மேல். அதில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு, அதைச் சிறையில் வைத்தார்கள். சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஸேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. கைல்ஸ் கோரி என்ற முதியவர், குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே மறுத்தார். அவரைப் படுக்கவைத்து மேலே கற்களை அடுக்கினார்கள். அதிலேயே இறந்தார். எண்பது வயதைத் தொட்ட மனிதர். 'இன்னும் பாரம் வை' என்றுதான் கேட்டார் என்பது வழிவழியாக வரும் பேச்சு, மில்லர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

நீதிமன்றம் எதை நம்பியது தெரியுமா? ஆவிச் சாட்சியத்தை. 'அவளுடைய உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது' என்று ஒரு பெண் சொன்னால் அதுவே சாட்சியம். நான் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வந்தது உடம்பு இல்லையே! 1692 அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அதன்பின் வந்த நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஒதுக்கியதும் வழக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

நிஜமான ஜான் ப்ராக்டர் 1692 ஜூலை 23-இல் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்புக்கொள்ளாததற்காகத் தன் மகனின் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் கொட்டும்வரை வைத்திருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 19-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். எலிசபெத் கர்ப்பமாக இருந்ததால் அவளுக்கான தண்டனையைத் தள்ளிவைத்தார்கள். குழந்தை பிறந்தபோது தூக்குகள் நின்றுபோயிருந்தன, பிழைத்துக்கொண்டாள். 1711-இல் அரசு நஷ்ட ஈடு கொடுத்தது, ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்ட். தீர்ப்புகளை நீக்கிய பட்டியல்களில், 1693-இல் தண்டனை பெற்ற எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் விடுபட்டே கிடந்தது. ஒரு பள்ளி ஆசிரியையும் அவருடைய மாணவர்களும் விடாமல் முயன்று, 2022-இல்தான் அவள் மேலிருந்த தீர்ப்பை நீக்கவைத்தார்கள். 329 வருடம் கழித்து!

என் மகனுக்கு 11 வயது. அவனோடு சேர்ந்து பார்க்கலாமா?

இன்னும் இரண்டு வருடம் போகட்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்றுதான் அமெரிக்காவிலேயே சான்றிதழ் கொடுத்தார்கள். தூக்குக் காட்சிகள் கடுமையானவை.

மில்லர் இதில் கம்யூனிஸ்ட் வேட்டையைத்தான் எழுதினார் என்கிறார்கள். சூனியத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெயர் சொல்லச் சொல்வது. அதுதான் சம்பந்தம்.

ஸேலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, யார் யாரைச் சாத்தானோடு பார்த்தாய் என்பதற்குப் பெயர்களையும் சொன்னவர்கள் பிழைத்தார்கள். மறுத்தவர்களைத்தான் தூக்கிலிட்டார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டார், பிறகு அது பொய் என்று திரும்பப் பெற்றார். அவரைத் தூக்கிலிட்டார்கள். 1950-களின் அமெரிக்காவில் நாடாளுமன்ற விசாரணைக் குழு எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கூப்பிட்டு அதே மாதிரி கேட்டது: கம்யூனிஸ்ட் கூட்டத்தில் உன்னோடு இருந்தவர்கள் யார்? மில்லரின் நாடகங்களை இயக்கிய நெருங்கிய நண்பர் எலியா கசான் 1952-இல் பெயர்களைச் சொன்னார். அதே வருடம் மில்லர் காரை எடுத்துக்கொண்டு ஸேலத்துக்குப் போய், பழைய நீதிமன்ற ஏடுகளைப் புரட்டினார்.

அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. நாடகம் வந்து மூன்று வருடம் கழித்து, 1956-இல், அதே குழு மில்லரையே கூப்பிட்டது. தன்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொருவர் பெயரைச் சொல்ல மட்டும் மறுத்தார். 1957-இல் 500 டாலர் அபராதம், 30 நாள் சிறை என்று தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள், 1958-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பே ரத்தானது. என் பாவத்தை நான் சொல்கிறேன், அடுத்தவனைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு இல்லை என்று ப்ராக்டர் கடைசி அங்கத்தில் சொல்வான். தான் எழுதிய வசனத்தின்படி எழுதியவரே நிற்க வேண்டி வந்தது. நின்றார்.

எல்லோரும் ப்ராக்டராக வரும் டேனியல் டே-லூயிஸையும் அபிகேலாக வரும் வினோனா ரைடரையும் புகழ்கிறார்கள். உங்களுக்கு யார் நடிப்பு பிடித்தது?

பால் ஸ்கோஃபீல்ட். நீதிபதி டான்ஃபோர்த்தாக வருகிறார்.

அவர் கத்துவது அபூர்வம். நல்ல வாத்தியார் பையனிடம் பேசுகிற மாதிரி பொறுமையாகப் பேசுகிறார். தான் செய்வது நியாயம் என்று அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. சிறுமிகள் வானத்தைப் பார்த்து அலறும்போது எனக்குப் பயம் வரவில்லை, அந்த முதியவர் அதைக் கேட்டுத் தலையசைக்கும்போதுதான் வந்தது. 1966-இல் 'எ மேன் ஃபார் ஆல் ஸீஸன்ஸ்' படத்தில் தாமஸ் மோராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் இவர். அதில் மன்னர் கேட்ட பிரமாணத்தைச் செய்ய மறுத்து, தலையைக் கொடுக்கிற மனிதர். முப்பது வருடம் கழித்து அதே முகம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்னொருவனிடம் கையெழுத்துப் போடு என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள்.

எலிசபெத்தாக நடித்த ஜோன் ஆலன் பற்றிக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

எனக்கு ப்ராக்டர் மேல் கோபம்தான் வந்தது. மூன்று பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. ஒரு பொய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா? (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

முதல் முறை படித்தபோது எனக்கும் இதே கோபம் வந்தது. ஆகவே உங்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அவன் உயிரோடிருக்கத்தான் முடிவு செய்கிறான். நான் உத்தமன் இல்லை, ரெபெக்கா நர்ஸ் என்ற பக்தியுள்ள மூதாட்டி மாதிரி தூக்குமேடை ஏற எனக்குத் தகுதி இல்லை என்கிறான். வாயால் ஒப்புக்கொள்கிறான். வேறு யாரைப் பார்த்தாய் என்றதும் மறுக்கிறான், அதையும் ஒருவழியாக விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தும் போட்டுவிடுகிறான்! நீங்கள் கேட்டதை அவன் செய்துவிட்டான் சகோதரி. அந்தக் காகிதத்தைக் கோவில் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்பதால்தான், டான்ஃபோர்த் அதற்குக் கை நீட்டும்போது பிடுங்கிக்கொள்கிறான். அதே நாள் சாகப்போகிற நண்பர்களின் முகத்துக்கு எதிரே தன் பெயர் தொங்கும், அவர்களைக் கொன்றது சரிதான் என்று அது ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் சொன்னதை நீங்களே ஊருக்குச் சொல்லுங்கள், என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். இந்த இடத்தில் டே-லூயிஸின் குரல் உடைகிறது. சிறையில் அழுக்கேறிய முகம், அடக்க முடியாத அழுகை. இந்தப் பெயரைத்தானே பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறேன் என்று அவன் நினைப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

எலிசபெத்தைப் பாருங்கள். அவனைச் சாகச் சொல்லவும் இல்லை, பிழைக்கச் சொல்லவும் இல்லை. உன்னைத் தீர்ப்பளிக்க என்னால் முடியாது என்கிறாள். தான் நடத்தியது குளிர்ந்த வீடு என்று தன் குற்றத்தைச் சொல்கிறாள். ஓடிப்போய் அவனைத் தடு என்று ஹேல் கெஞ்சும்போதும் அசையவில்லை. அவர் இப்போதுதான் நல்லவராகியிருக்கிறார், அதை நான் எடுத்துவிடக் கூடாது என்கிறாள். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கப்போகிறவள் அவள்தான். அவளுக்கு உங்கள் கோபம் இல்லாமல் இருந்திருக்காது.

படத்தின் முடிவில் தூக்குமேடையில் ஜெபம் சொல்கிறார்களே, நான் படித்த நாடகத்தில் அது இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நாடகத்தில் மேளச் சத்தம் மட்டும் கேட்கும். எலிசபெத் சிறைக் கம்பியைப் பிடித்து நிற்பாள், காலை வெளிச்சம் முகத்தில் விழும், திரை. படம் தூக்குமேடைக்கே போகிறது. ப்ராக்டர், ரெபெக்கா நர்ஸ், மார்த்தா கோரி மூவரும் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பிக்கிறார்கள், ஜெபம் முடிவதற்குள் கயிறு இறுகுகிறது.

அந்தக் காலத்து நம்பிக்கைப்படி சூனியம் செய்பவரால் அந்த ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது. ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர், நிஜமான ப்ராக்டர் இறந்த அதே நாளில், கழுத்தில் கயிறோடு அதை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். கூட்டத்தில் பலர் அழுதார்கள், தூக்கைத் தடுத்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. நிறுத்தவில்லை. மில்லர் திரைக்கதையில் இதைத்தான் ப்ராக்டருக்குக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். காட்டைக் காட்டியது இழப்பு என்று மேலே சொன்னேன். இங்கே காட்டியது நாடகத்தைவிட உயரமான இடம்.

இதற்கு முன்பும் இது படமாக வந்ததா?

1957-இல் பிரெஞ்சில் வந்தது. ரேமோன் ரூலோ இயக்கம், இவ் மோன்தானும் சிமோன் சின்யோரேயும் நடித்தார்கள், திரைக்கதை ழான்-பால் சார்த்தர். வர்க்கப் போராட்டம் தூக்கலாக இருக்கும். சின்யோரேவுக்காகப் பார்க்கலாம்.

எங்கள் குழு இந்த நாடகத்தைப் போடப்போகிறது. எங்களிடம் 12 பேர்தான். எதில் அதிகம் கவனம் வைக்க வேண்டும் அக்கா? (நாடகக் குழு நடத்தும் இளைஞர்)

தம்பி, இருபதுக்கு மேல் பாத்திரங்கள் உண்டு. முதல் அங்கத்தில் வந்து பிறகு தலைகாட்டாத பாத்திரங்களின் நடிகர்களை மூன்றாம் அங்கத்து நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், சமாளித்துவிடுவீர்கள். சிறுமிகளின் பொய்யை உடைக்க வரும் ப்ராக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி வாரன் சொல்வதையெல்லாம் சிறுமிகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும் இடத்துக்குத் தனியாக ஒரு வார ஒத்திகை வையுங்கள். அலறலைவிட அந்த ஒரே குரல்தான் முக்கியம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீதிமன்றத்தில் ப்ராக்டர் தன் தவறான உறவை ஒப்புக்கொண்டுவிடுகிறான். என் மனைவியைக் கேளுங்கள், அவள் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்கிறான். எலிசபெத்தைக் கூட்டி வருகிறார்கள். ப்ராக்டரையும் அபிகேலையும் முதுகைக் காட்டி நிற்கச் சொல்கிறார்கள். உன் கணவன் ஒழுக்கம் கெட்டவனா என்று கேள்வி. உண்மையைச் சொன்னால் அவன் ஜெயிப்பான், அது அவளுக்குத் தெரியாது. அவன் பெயரைக் காப்பாற்ற 'இல்லை ஐயா' என்று பொய் சொல்கிறாள், எல்லாம் கவிழ்கிறது.

எங்கள் முதல் நாள் காட்சியில் எலிசபெத்தாக நடித்தவள் என் தோழி. ஒத்திகையில் அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று எண்ணும் நேரம் சும்மா நிற்பாள். அன்று மூன்று தாண்டியது, ஐந்து, எட்டு. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, ஓரத்திலிருந்து 'இல்லை ஐயா' என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு வரிசைக்கும் கேட்டது. அவள் சொன்னாள், காட்சி நகர்ந்தது. நாடகம் முடிந்து முகப்பூச்சைத் துடைக்கும்போது அவள் கோபப்படவில்லை. 'நான் இன்னும் முடிவு பண்ணலைடி' என்றாள்.

பல வருடம் கழித்துப் படத்தில் ஜோன் ஆலன் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்தேன். கண் கணவனின் முதுகுக்குப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறது. வாய் திறக்கிறது, மூடுகிறது. யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவளாகவே அந்தப் பொய்க்கு வந்து சேர்கிறாள். நான் அழுதேன்.

ஆகவே, வசனம் எடுத்துக் கொடுப்பவரை முதல் ஒத்திகையிலிருந்தே உட்கார வையுங்கள். கடைசி வாரத்தில் யாரையாவது பிடித்து பிரதியைக் கையில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு மௌனத்தையும் பிரதியில் சிவப்புப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி வரும் பக்கத்தில், எவ்வளவு நேரம் ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாடகம் எந்தத் தேதியில் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வந்து பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.